அமெரிக்காவில் காலநிலை மாற்றம் எப்படிக் கட்சி விவகாரம் ஆனது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஹூஸ்டனில் எண்ணெய்த் துறையில் வேலை பார்க்கிறீர்கள். கூட இருப்பவர்கள் முனைவர் பட்டம் வாங்கிய பொறியாளர்கள், புவியியலாளர்கள். கணக்கிலும் இயற்பியலிலும் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலநிலை மாற்றம் என்று பேச்சு வந்தால், யார் என்ன சொல்வார் என்பதை அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர் என்பதை வைத்தே சொல்லிவிட முடிகிறது. "இவ்வளவு படித்தவர்களுக்கு இது ஏன் புரியவில்லை? சரியான தரவைக் காட்டினால் மாறுவார்களா?" என்று முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது அறிவுக் குறைவா என்பது ஒன்று. வெப்பமானி காட்டும் எண் எப்படிக் கட்சி விவகாரம் ஆனது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுருக்கம்: அறிவுக் குறைவு முக்கியக் காரணம் இல்லை, தரவைக் காட்டினால் பெரும்பாலும் மாறவும் மாட்டார்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நான் அமெரிக்காவில் பொதுமக்கள் கருத்துக்கணிப்புத் துறையில் பல வருடங்களாக இருப்பவன். கேள்வித்தாள் எழுதுவது, மாதிரி எடுப்பது, வந்த பதில்களைப் பிரித்துப் பார்ப்பது, இவைதான் என் பிழைப்பு. காலநிலை விஞ்ஞானி இல்லை. பூமி சூடாவதற்கு மனிதச் செயல்களே காரணம், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021 அறிக்கையில் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறேன். அதன் உள்விவரங்களைக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. மக்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த பகுதி.

முதலில் பிளவு எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். பியூ ஆய்வு மையம் 2022-இல் கேட்டபோது, காலநிலை மாற்றம் நாட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல் என்று சொன்ன ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் 78 சதவீதம். குடியரசுக் கட்சியில் 23 சதவீதம். அமெரிக்காவில் கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை என்று கட்சிகள் முட்டிக்கொள்ளும் பல விஷயங்கள் உண்டு. இது அவற்றோடு போட்டி போடும் அளவு இடைவெளி. ஆனால் அதே பியூ தரவில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பத்து வருடங்களுக்கு முன் ஜனநாயகக் கட்சி எண்ணிக்கை 58 சதவீதமாக இருந்தது. குடியரசுக் கட்சி எண்ணிக்கை அப்போதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அதாவது அந்தப் பத்தாண்டில் இடைவெளி விரிந்ததற்குக் காரணம், ஒரு பக்கம் அப்படியே நின்றது, மறுபக்கம் வேகமாக நகர்ந்தது. 'குடியரசுக் கட்சிக்காரர்கள் நாளுக்கு நாள் மோசமாகிறார்கள்' என்று பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இது எப்போதும் இப்படி இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970-இல் தொடங்கியவர் குடியரசுக் கட்சியின் நிக்சன். 1988 ஜூனில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் செனட் குழுவின் முன் அமர்ந்து, பூமி சூடாகிறது, இது இயற்கையின் தற்செயல் ஏற்ற இறக்கம் இல்லை என்று 99 சதவீத உறுதியோடு சொல்லலாம் என்றார். அந்த வருடம் அதிபர் தேர்தல். குடியரசுக் கட்சி வேட்பாளர் மூத்த ஜார்ஜ் புஷ் மிச்சிகனில் ஏரிக்கரையில் நின்று, பசுமைக்குடில் விளைவை எதிர்த்து எதுவும் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் வெள்ளை மாளிகை விளைவை மறந்துவிட்டார்கள் என்று பேசினார் (ஆங்கிலத்தில் கிரீன்ஹவுஸ், ஒயிட் ஹவுஸ் என்ற சொல் விளையாட்டு; அதிபர் நினைத்தால் முடியும் என்பது பொருள்). ஜெயித்த பிறகு அவ்வளவு வேகம் காட்டவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் 1990-இல் அமில மழையைக் குறைக்க, கந்தக உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, உமிழும் உரிமையைக் கம்பெனிகள் தங்களுக்குள் வாங்கி விற்கலாம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது அவருடைய ஆட்சிதான். இந்த 'உச்சவரம்பும் வணிகமும்' யோசனையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். 1992-இல் ரியோவில் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அவரே. செனட் அதைச் சண்டை சச்சரவில்லாமல் அங்கீகரித்தது.

திருப்பம் 1997-இல் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த வருடம் ஜூலையில் செனட் 95-க்கு 0 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது: இந்தியா, சீனா போன்ற வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு வைக்காத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கடுமையாகப் பாதிக்கும் எந்த ஒப்பந்தத்திலும் சேரக்கூடாது. இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோவில் துணை அதிபர் அல் கோர் போய் நின்றார், உமிழ்வைக் குறைக்கும் ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு இந்த விஷயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது, அந்த முகம் ஜனநாயகக் கட்சியின் முகம். 2000 தேர்தலில் கோர் தோற்று, இளைய புஷ் வந்து, 2001 மார்ச்சில் கியோட்டோ வேண்டாம் என்றார். 2002-இல் குடியரசுக் கட்சியின் ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ் ஒரு குறிப்பு எழுதினார்: அறிவியலில் இன்னும் உறுதி ஏற்படவில்லை என்பதையே திரும்பத் திரும்பப் பேசுங்கள் என்பது அதன் சாரம். 2006-இல் புவி வெப்பமாதல் பற்றிய கோரின் ஆவணப்படம் வந்தது, அடுத்த வருடம் நோபல் பரிசு. விழிப்புணர்வுக்கு அந்தப் படம் செய்த நன்மை பெரிது. கட்சிப் பிளவைப் பொறுத்தவரை அது எரிகிற தீயில் எண்ணெய் என்பது என் கணிப்பு. சகாக்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் எண்கள் இந்தக் காலத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. புவி வெப்பமாதலின் விளைவுகள் தொடங்கிவிட்டனவா என்று 1997-இல் கேட்டபோது இரண்டு கட்சியிலும் ஏறக்குறைய பாதிப்பேர் ஆம் என்றார்கள். 2008-இல் அதே கேள்விக்கு ஜனநாயகக் கட்சியில் நான்கில் மூன்று பேர் ஆம். குடியரசுக் கட்சியில் பத்துக்கு நான்கு பேர். நடுவில் அறிவியல் பலப்பட்டதே தவிர, பலவீனப்படவில்லை.

அப்படியும் 2008 வரை கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. குடியரசுக் கட்சியின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் அப்போதைய சபாநாயகர், ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியும் ஒரே சோஃபாவில் அமர்ந்து, எங்களுக்குள் நிறையக் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் காலநிலை விஷயத்தில் ஒத்துப்போகிறோம் என்று விளம்பரத்தில் நடித்தார்கள். அந்த வருடக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் கார்பனுக்கு உச்சவரம்பு வைப்பேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். பிறகு வந்தது 2009 ஜூன். ஒபாமா ஆட்சியின் வாக்ஸ்மன்-மார்க்கி மசோதா பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212 என்று தப்பித்து நிறைவேறியது. அதன் மையம், மூத்த புஷ் அமில மழைக்குப் பயன்படுத்திய அதே உச்சவரம்பும் வணிகமும்தான். ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 8 பேர், எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் 44 பேர். செனட்டில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. 2010-இல் மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ மான்சின், அந்த மசோதாவின் தாளை இலக்காக வைத்துத் துப்பாக்கியால் சுட்டு விளம்பரம் எடுத்தார், ஜெயித்தார். நிலக்கரி மாநிலம், கேட்கவா வேண்டும்.

அதே வருடம் தென் கரோலினாவில் பாப் இங்லிஸ் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் தன் கட்சிக்குள் நடந்த பிரைமரி தேர்தலில் படுதோல்வி அடைந்தார். கார்பனுக்கு வரி போட்டு அதே அளவு சம்பள வரியைக் குறைக்கலாம் என்று மசோதா கொண்டுவந்தவர் அவர். இதில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: வங்கிகளை மீட்கும் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டது போன்ற வேறு குற்றச்சாட்டுகளும் அவர் மேல் இருந்தன, காலநிலை ஒன்றினால் மட்டுமே தோற்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற உறுப்பினர்கள் படித்துக்கொண்ட பாடம் அதுதான். அமெரிக்காவில் பல தொகுதிகளில் பொதுத்தேர்தல் ஒரு சம்பிரதாயம்; பிரைமரியில்தான் நிஜப் போட்டி. அங்கே ஓட்டுப் போட வருபவர்கள் குறைவு, வருகிறவர்கள் கட்சியின் தீவிரமான ஆட்கள். எண்ணெய்த் தொழிலில் இருந்த கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்கள் ஆதரித்த அமைப்பு காலநிலை வரிக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று வேட்பாளர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தது. கிங்ரிச் 2011-இல் அந்த சோஃபா விளம்பரத்தைத் தன் முட்டாள்தனங்களில் ஒன்றாகச் சொல்லிவிட்டார்.

இவ்வளவு வரலாறு எதற்கு என்றால், வரிசையைக் காட்டுவதற்கு. முதலில் பிரிந்தது தலைவர்கள், அப்புறம் மக்கள். இது என் ஊகம் மட்டும் இல்லை. ராபர்ட் புருல் என்ற சமூகவியலாளரும் அவர் சகாக்களும் 2002 முதல் 2010 வரையான கணிப்புகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மக்களின் கவலை ஏறி இறங்குவதோடு மிகவும் ஒத்துப்போனது அரசியல் தலைவர்களின் பேச்சும் ஓட்டும்தான். கடும் வெயிலோ வறட்சியோ பெரிய வித்தியாசம் செய்யவில்லை. இதற்குச் சமீபத்திய சாட்சி காற்றாலை. டெக்சஸில் காற்று மின்சாரத்துக்கு வழி போட்ட 1999 சட்டத்தில் கையெழுத்திட்டவர் அப்போது ஆளுநராக இருந்த இளைய புஷ். இன்று நாட்டிலேயே காற்றிலிருந்து அதிக மின்சாரம் எடுப்பது உங்கள் மாநிலம்தான். 2020-இல் பியூ கேட்டபோது, எண்ணெய், நிலக்கரியைவிடக் காற்று, சூரிய ஒளி போன்றவற்றுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்ற குடியரசுக் கட்சியினர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 2025-இல் அது மூன்றில் ஒன்றாகிவிட்டது. ஐந்து வருடத்தில் காற்றாலையின் இயற்பியலா மாறியது? நடுவில் 2022-இல் பைடனின் பெரிய காலநிலைச் சட்டம், ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. டிரம்ப் மேடைக்கு மேடை காற்றாலையைத் திட்டினார். அந்தச் சட்டத்தால் வந்த தொழிற்சாலைகளில் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளில் அமைந்தும் எண்ணிக்கை இறங்கியது.

சரி, உங்கள் சகாக்கள் படித்தவர்களாயிற்றே, தலைவர் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்களா? இங்கேதான் 2012-இல் வந்த ஓர் ஆய்வு முக்கியம். யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் உடன் ஆய்வாளர்களும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிவியல் கேள்விகளும் கணக்குகளும் கொடுத்துச் சோதித்துவிட்டு, காலநிலை அபாயத்தைப் பற்றிக் கேட்டார்கள். அறிவு கூடக்கூட இரண்டு பக்கமும் நெருங்கி வரும் என்று யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. கணக்கு நன்றாக வருகிறவர்களிடையே பிளவு அதிகமாக இருந்தது. பியூவின் 2016 கணிப்பிலும் இதன் சாயல் இருக்கிறது: ஜனநாயகக் கட்சியில் அறிவியல் அறிவு கூடினால் மனிதனே காரணம் என்று சொல்வது கூடுகிறது, குடியரசுக் கட்சியில் அந்த ஏற்றம் இல்லை. கஹான் சொல்லும் விளக்கம் இது: ஒரு தனி மனிதர் காலநிலையைப் பற்றித் தவறாக நினைத்தால் அவருக்கு உடனடியாக எந்த நட்டமும் இல்லை, அவர் ஒருவரால் பூமி சூடாகப் போவதில்லை. ஆனால் தன் சர்ச், தன் சொந்தபந்தம், தன் மீன்பிடி நண்பர்கள் ஆகியோருக்கு எதிராகப் பேசினால் நட்டம் நாளைக்கே தெரியும். கெட்டிக்காரர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை எதிர்வாதம் கண்டுபிடிக்கச் செலவழிக்கிறார்கள். உங்கள் சாப்பாட்டு மேசைப் பொறியாளர்கள் இதற்கு நல்ல உதாரணமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். பிளவு அதிகம் என்ற கண்டுபிடிப்பு வலுவானது. அதற்கான விளக்கம் அவ்வளவு வலுவானதில்லை. வேறு ஆய்வாளர்கள் சொல்வது: இது உண்மையை மறுக்கும் மனக்கோணல் இல்லை, இரண்டு பக்கமும் வெவ்வேறு ஆட்களை நம்புகிறார்கள், அவ்வளவுதான். பல்கலைக்கழகங்களும் பத்திரிகைகளும் எதிர்க்கட்சியின் கூடாரம் என்று ஒருவர் ஏற்கெனவே நம்பினால், அங்கிருந்து வரும் செய்தியை அவர் தள்ளுபடி செய்வது அவர் கோணத்தில் நியாயமான கணக்கு. இந்த இரண்டு விளக்கங்களையும் சோதனையில் பிரித்துக் காட்டுவது கடினம்.

எனக்கு அதிகம் பயன்பட்ட ஆய்வு வேறு. 2014-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் டிராய் கேம்பெல், ஆரன் கே இருவரும் குடியரசுக் கட்சியினரை இரண்டாகப் பிரித்து, ஒரே வெப்பநிலைக் கணிப்பைக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் இதற்குத் தீர்வு அரசுக் கட்டுப்பாடும் கார்பன் வரியும் என்றார்கள். இன்னொரு குழுவிடம் சந்தையும் புதிய தொழில்நுட்பமும் தீர்வு என்றார்கள். வெப்பநிலை அப்படி உயரும் என்று ஒப்புக்கொண்டவர்கள் முதல் குழுவில் 22 சதவீதம், இரண்டாவதில் 55. அறிவியல் வாக்கியம் ஒன்றே. பின்னால் வரும் மருந்துதான் வேறு. நம் ஊரில் சுகர் டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் "அந்த லேப் சரியில்லை" என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு லேப் மேல் கோபமில்லை, இனிமேல் ஜிலேபி கிடையாது என்பதில்தான் கோபம்.

அரசியல்வாதிகளிடமும் கோடு சரியாக அங்கேதான் விழுகிறது. 2015 ஜனவரியில் செனட்டில் ஒரே நாளில் சில ஓட்டெடுப்புகள் நடந்தன. காலநிலை மாற்றம் உண்மை, புரளி அல்ல என்ற வாசகம் 98-க்கு 1 என்று நிறைவேறியது. இதைப் புரளி என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் இன்ஹோஃப்கூட ஆதரித்தார். காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது என்பது அவர் சமாதானம். மனிதனுக்கும் அதில் பங்கு உண்டு என்ற வாசகத்துக்கு 59 ஓட்டு. அந்தப் பங்கு கணிசமானது என்றதற்கு 50. இரண்டுக்கும் 60 தேவைப்பட்டது, இரண்டும் விழுந்தன. மனிதன் காரணம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்து 'அப்படியானால் என்ன செய்யப் போகிறாய்' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை நெருங்க நெருங்க ஓட்டு குறைகிறது. அடுத்த மாதம் இதே இன்ஹோஃப் செனட்டுக்குள் பனிக்கட்டி உருண்டையைக் கொண்டுவந்து வீசிக் காட்டியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த ஜனவரி ஓட்டுகள்தான் அதிகம் சொல்லின.

தொலைபேசியில் சர்வே அதிகம் நடந்த காலத்தில், பேட்டி எடுப்பவர்களின் அழைப்புகளை ஹெட்ஃபோனில் கேட்டுத் தரம் பார்ப்பதும் என் வேலையாக இருந்தது. அப்படிக் கேட்டதில் ஒன்று, அயோவாவில் மக்காச்சோளம் போடும் ஒரு விவசாயி. புவி வெப்பமாதலைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்பது கேள்வி. மிகவும், ஓரளவு, கொஞ்சம், கவலையே இல்லை என்று நான்கு பதில்களை வாசிக்க வேண்டும். பேட்டி எடுத்த எங்கள் ஊழியப் பெண் இரண்டாவதை வாசிப்பதற்குள் "கவலையே இல்லை, அடுத்தது" என்றார். குரல் இறுகிவிட்டது. பிறகு விவசாயம் பற்றிய கேள்விகள் வந்தன. ஏப்ரல், மே மாதங்களில் மழை இப்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது, வயலுக்குள் டிராக்டர் இறங்க முடிவதில்லை, விதைக்கும் நாட்கள் குறைந்துவிட்டன, அதனால் மண்ணுக்கடியில் வடிகால் குழாய்களை நெருக்கமாகப் போட்டிருக்கிறேன், அதற்கு இவ்வளவு செலவு என்று அவர் நிறுத்தாமல் பேசினார். நிலத்தில் காற்றாலைகளும் நிற்கின்றன, சோளம் விலை போகாத வருடத்தில் அந்தக் குத்தகைப் பணம்தான் காப்பாற்றுகிறது என்றார். எங்கள் கணினியில் அவர் 'கவலையே இல்லை' என்ற கட்டத்தில் ஒரு எண்ணாக உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை அவர் மழையைப் பற்றிய கேள்வியாகக் கேட்கவில்லை. நீ எந்தப் பக்கம் என்று கேட்பதாகத்தான் அவர் காதில் விழுந்தது.

இங்கேயிருந்து சந்தேகமான பகுதி. சர்வேயில் காலநிலை மாற்றம் பொய் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் மனதார நம்புகிறார்கள், எத்தனை பேர் கட்சிக் கொடியை ஆட்டுகிறார்கள் என்பது தீராத சர்ச்சை. சரியான பதிலுக்குப் பணம் கொடுத்தால் கட்சி இடைவெளி குறைகிறது என்று வேறு பல விஷயங்களில் காட்டியிருக்கிறார்கள். அதை அப்படியே காலநிலைக்கும் பொருத்தத் தயங்குகிறேன். இரண்டாவது சிக்கல், 'குடியரசுக் கட்சி ஆதரவாளர்' என்ற பெயருக்குள் இருக்கும் ஆட்களே மாறிவிட்டார்கள். 1997-இல் அந்தப் பக்கம் இருந்த நகர்ப்புறப் பட்டதாரிகள் பலர் இன்று எதிர்ப்பக்கம்; தொழிலாளர் வர்க்க வெள்ளையர்கள் பலர் இங்கே வந்துவிட்டார்கள். ஆகவே இரண்டு காலத்து எண்களை ஒப்பிட்டு இத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பகுதி மனமாற்றம், ஒரு பகுதி ஆள்மாற்றம். அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆய்வுகள்தான் இதைப் பிரித்துக் காட்டும், அவை செலவு பிடித்தவை, குறைவு.

மூன்றாவது, எண்ணெய்க் கம்பெனிகளின் பங்கு. நீங்கள் அந்தத் துறையில் இருப்பதால் இதை நேராகவே சொல்கிறேன். எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் கடைசியிலிருந்து போட்ட வெப்பநிலைக் கணிப்புகள் பெரும்பாலும் சரியாக வந்திருக்கின்றன என்று 2023-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. எண்ணெய், நிலக்கரி, கார் கம்பெனிகள் சேர்ந்து 1989 முதல் 2002 வரை உலகக் காலநிலைக் கூட்டணி என்ற பெயரில் நடவடிக்கைகளை எதிர்த்து வேலை செய்தன. இது எல்லாம் ஆவணத்தில் இருப்பது. ஆனால் இந்தப் பணம் பொதுமக்கள் கருத்தை எத்தனை சதவீதம் நகர்த்தியது என்று எண் போட்டுச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பணம் நேராக மக்களிடம் போனதைவிட, கட்சித் தலைவர்கள் வழியாகப் போனதே அதிகம் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம். அதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மேத்யூ ஹார்ன்சி குழு 2018-இல் 25 நாடுகளை ஒப்பிட்டது. வலதுசாரிச் சாய்வுக்கும் காலநிலைச் சந்தேகத்துக்கும் உள்ள தொடர்பு அமெரிக்காவில்தான் மிக வலுவாக இருந்தது. பல நாடுகளில் இல்லவே இல்லை என்று சொல்லுமளவு மெலிது. தலைக்குக் கார்பன் உமிழ்வு அதிகமுள்ள நாடுகளில் தொடர்பு வலுக்கிறது என்பதும் அவர்கள் கண்டது, அதாவது இழக்க நிறைய இருக்கும் இடங்களில். ஆஸ்திரேலியா அமெரிக்காவுக்குப் பக்கத்தில் வரும்: 2009 டிசம்பரில் கார்பன் திட்டத்தை ஆதரித்ததற்காக வலதுசாரி லிபரல் கட்சியின் மால்கம் டர்ன்புல் ஒரே ஓட்டில் தன் கட்சித் தலைமையை டோனி அபட்டிடம் இழந்தார், பிறகு அபட் பிரதமராகி 2014-இல் கார்பன் விலைச் சட்டத்தை ரத்து செய்தார். பிரிட்டன் நேர் எதிர். கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1989-இலேயே ஐ.நா.வில் இதைப் பற்றிப் பேசினார். 2008 காலநிலைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதே கன்சர்வேட்டிவ் கட்சியின் இன்றைய தலைவர் கெமி பேடனாக் 2025 அக்டோபரில் அந்தச் சட்டத்தையே நீக்குவோம் என்று அறிவித்தார். கட்சித் தலைமை திரும்பினால் ஆதரவாளர்கள் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறார்கள் என்று பார்க்க எங்கள் துறைக்காரர்கள் பிரிட்டன் கணிப்புகளைத்தான் இப்போது உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு அமெரிக்காவில் எல்லாம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்று நீங்கள் நினைத்தால் அதுவும் முழு உண்மை இல்லை. 2022-இல் வந்த ஓர் ஆய்வில், முக்கியமான காலநிலைத் திட்டங்களை ஆதரிப்பவர்கள் 66 முதல் 80 சதவீதம் வரை இருந்தார்கள். நாட்டில் எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று அதே மக்களிடம் கேட்டபோது 37 முதல் 43 சதவீதம் என்று ஊகித்தார்கள். நடுவில் இருப்பவர்கள் வாயைத் திறப்பதில்லை, தாங்கள் சிறுபான்மை என்று நினைக்கிறார்கள். வயது வித்தியாசமும் பெரிது. 2023-இல் பியூ கேட்டபோது 30 வயதுக்குக் கீழே இருந்த குடியரசுக் கட்சியினரில் மூன்றில் இரண்டு பங்கு மாற்று எரிசக்திக்கு முன்னுரிமை என்றார்கள். 65-ஐத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பங்கு எண்ணெய், நிலக்கரி, எரிவாயு என்றார்கள். இளையவர்கள் வயதாக ஆக இதே கருத்தில் நிற்பார்களா என்பதற்கு இப்போது பதில் கிடையாது.

உங்கள் சகாக்களிடம் என்ன பேசுவது? வரைபடத்தை நீட்டாதீர்கள், அதை அவர்கள் உங்களைவிட நன்றாகப் படிப்பார்கள், ஓட்டையும் கண்டுபிடிப்பார்கள். உங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, வெள்ளத் தடுப்புக்கு 250 கோடி டாலர் கடன் வாங்கலாமா, அதற்காகச் சொத்து வரி கூடினாலும் பரவாயில்லையா என்று ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டி மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். 85 சதவீதம் பேர் சரி என்றார்கள். காரணம் கார்பனா இல்லையா என்று அந்த ஓட்டுச்சீட்டு யாரையும் கேட்கவில்லை. இதனால் உமிழ்வு ஒரு கிலோகூடக் குறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்வாய் வெட்டுவது ஒரு வேலை, கார்பனைக் குறைப்பது இன்னொரு வேலை, முதலாவதில் ஒத்துப்போனால் இரண்டாவதிலும் ஒத்துப்போவார்கள் என்பதற்கு ஆதாரம் மெலிது.

இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டுமானால் மருந்திலிருந்து தொடங்குங்கள். பூமி சூடாகிறதா என்று கேட்காமல், தரைக்கடியில் கார்பனைச் செலுத்தும் திட்டம் லாபமாக ஓடுமா, அணு மின்சாரம் கட்டுப்படியாகுமா என்று கேளுங்கள். புவியியலாளர்களுக்கு அது சொந்தத் துறை, மணிக்கணக்கில் பேசுவார்கள். இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம்: எக்ஸான்மொபில் தலைவர் டேரன் வுட்ஸ் 2024 நவம்பரில், உலக நாடுகளின் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து மறுபடி விலக வேண்டாம் என்று டிரம்ப்பை வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார், 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் விலகலுக்கு உத்தரவிட்டார். இந்த இருவரில் யார் சொல்வது சரி என்று உங்கள் மேசையில் என்ன பதில் வருகிறது என்பதை முடிந்தால் இங்கே எழுதுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.